லோயிஸ் லேனிடம் எப்போது சொல்லியிருக்க வேண்டும்? சூப்பர்மேன் காதலில் ரகசியமும் மரியாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்மேன் காமிக்ஸைக் காதல் கதையாகப் படிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். பறப்பதும் பாலத்தைத் தாங்கிப் பிடிப்பதும் நாலு பக்கத்தில் அலுத்துவிடும். ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்ற ஏற்பாடு அவ்வளவு சீக்கிரம் அலுக்காது. அதில் மரியாதை எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பல கதைகளின் முடிவு இதில் வெளியாகிவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கதையே தெரியாது. யாருக்கு யார் மேல் காதல்?

கிரிப்டான் என்ற கிரகம் அழியும் நேரத்தில் பூமிக்கு அனுப்பப்பட்ட குழந்தையை அமெரிக்கக் கிராமத்துத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். பையனின் பெயர் கிளார்க் கென்ட். வளர்ந்து மெட்ரோபோலிஸ் நகரத்துக்கு வந்து டெய்லி பிளானட் நாளிதழில் நிருபராகச் சேர்கிறான். ஆபத்து என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சூப்பர்மேனாகப் பறக்கிறான். அதே பத்திரிகையின் துணிச்சலான நிருபர் லோயிஸ் லேன். கிளார்க்குக்கு லோயிஸ் மேல் ஆசை, லோயிஸுக்கோ சூப்பர்மேன் மேல். கிளார்க்கை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஜெர்ரி சீகல் எழுதி ஜோ ஷூஸ்டர் வரைந்த இந்தக் கதை 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்தது. மூவரும் அந்த ஒரே இதழில் அறிமுகமாகிவிட்டார்கள். இருவர் என்றும் சொல்லலாம்.

லோயிஸ் ஏன் கிளார்க்கை அவ்வளவு மட்டம் தட்டுகிறாள்? மரியாதைக் குறைவை ஆரம்பித்து வைத்ததே அவள்தானே?

அந்த முதல் இதழை எடுத்துப் பாருங்கள். கிளார்க் கேட்டுக்கொண்டதற்காக லோயிஸ் அவனோடு நடனமாட வருகிறாள். ஒரு முரடன் குறுக்கே வந்து, இவள் என்னோடு ஆடட்டும் என்று அதட்டுகிறான். கிளார்க் பயந்தவன்போல் நடித்து, ஒரு ஆட்டம் ஆடிவிடு, உடனே கிளம்பிவிடலாம் என்று லோயிஸிடமே சமாதானம் பேசுகிறான். லோயிஸ் அந்த முரடனை ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டு வெளியே போகிறாள். அதைப் பார்த்த கிளார்க் மனசுக்குள் சபாஷ் போடுகிறான். பின்னாலேயே ஓடிவந்து, ஏன் கிளம்பிவிட்டாய் என்று கேட்கிறான். நீ ஒரு கோழை, அதனால்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவள் டாக்ஸியில் போய்விடுகிறாள்.

இதில் லோயிஸ் செய்த தப்பு என்ன? அவளுக்குக் கிடைத்த சாட்சியம் அவ்வளவுதான். துணைக்கு வந்தவன், இன்னொருத்தன் மிரட்டினான் என்பதற்காகத் தன்னை ஆடச் சொன்னான். அவனைக் கோழை என்று முடிவு கட்டியது நியாயமான முடிவு. அந்தச் சாட்சியத்தை ஜோடித்ததே கிளார்க்தான். தானே அவமானத்தைச் சம்பாதித்துக்கொண்டு, கண்ணாடி போட்ட என்னை இவள் விரும்பவில்லையே என்று அடுத்த ஐம்பது வருஷம் ஏங்குகிறான்.

பள்ளி நாட்களில் தான் ஆசைப்பட்ட பெண்கள் தன்னைக் கண்டுகொள்ளவே இல்லை, தன்னிடம் ஏதாவது பெரிய விசேஷம் இருந்திருந்தால் என்ற கற்பனையில்தான் இது பிறந்தது என்று சீகல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படிக்கிற பையன்களுக்கு அந்தக் கற்பனை இனிக்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவளுக்கு இதில் ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை, ஏமாறுவதைத் தவிர.

வெறும் மூக்குக் கண்ணாடியில் ஆள் அடையாளம் தெரியாமல் போகுமா?

கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வில்லன் வீட்டுக்குள் போய்வரும் கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்த நாம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? சரி, கேட்டுவிட்டீர்கள்.

நன்றாக எழுதப்பட்ட கதைகளில் கண்ணாடி சின்ன விஷயம்தான். 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தில் லோயிஸின் வீட்டில் ஒரு காட்சி. அவள் உள்ளறையில் இருக்கிறாள். கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றுகிறார், கூன் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறார். அடுத்த கணம் தைரியம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையபடி சுருங்கிவிடுகிறார். வெட்டே இல்லாமல் நம் கண்ணெதிரே ஒரு ஆள் இரண்டு ஆளாவது தெரியும். நம்பிவிடுவீர்கள்.

இன்னொரு விளக்கம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1987 தொடக்கத்தில் வந்த ஜான் பைர்ன் கதை ஒன்றில், கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று அவனுடைய பரம எதிரி லெக்ஸ் லூதரின் கணினி துல்லியமாகக் கண்டுபிடித்துவிடுகிறது. லூதர் நம்ப மறுக்கிறான். அவ்வளவு சக்தி உள்ளவன் எவனாவது சாதாரண மனுஷனாக நடிப்பானா என்பது அவன் வாதம். கண்டுபிடித்துக் கொடுத்த பெண்ணையே வேலையை விட்டுத் துரத்துகிறான். அகந்தை பிடித்தவனுக்குக் கண்முன்னால் இருப்பது தெரியாது. இதே காரணத்தை லோயிஸுக்குச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். எழுத்தாளர்கள் பல காலம் அவளை அசடாக்கித்தான் சமாளித்தார்கள்.

அப்படியானால் ரகசியம் காப்பதே அவமரியாதையா?

இல்லை. தன்னைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது ஒவ்வொருவரின் உரிமை. ஒன்றாக வேலை பார்க்கிறோம் என்பதற்காகவோ, ஒருவரை மனசுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவோ வாழ்க்கை முழுவதையும் திறந்து காட்டக் கடமையில்லை. சூப்பர்மேன் விஷயத்தில் வளர்த்த அப்பா அம்மாவின் உயிரும் இதில் கட்டப்பட்டிருக்கிறது.

நான் பார்ப்பது வேறு ஒன்றை. தனக்கு மட்டும் தெரிந்ததை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான்? சும்மா மறைத்து வைத்திருந்தால் அது அவன் சொந்த விஷயம். அதைக் கொண்டு லோயிஸைச் சோதித்தால், அவள் கண்ணால் பார்த்ததையே அவளைச் சந்தேகிக்க வைத்தால், அவள் எடுக்க வேண்டிய முடிவை அவளுக்குத் தெரியாமலே எடுத்துவிட்டால், அது அவள் விஷயமாகிவிடுகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன். இதில் தேறாத சூப்பர்மேன் கதைகள் ஏராளம்.

1950, 60களின் கதைகளைப் படித்தால் எரிச்சல் வருகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை, பலருக்கும் வரும். 1958இல் லோயிஸ் பெயரிலேயே ஒரு தனி இதழ் தொடங்கி 1974 வரை ஓடியது. அதன் தலைப்பே அவளைச் சூப்பர்மேனின் காதலி என்றுதான் அறிமுகப்படுத்தியது. நிருபர் என்ற வேலை இரண்டாம்பட்சம். மார்ட் வைசிங்கர் ஆசிரியராக இருந்த காலத்தில் கதை அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான்: கிளார்க்தான் சூப்பர்மேன் என்று லோயிஸ் சந்தேகப்படுகிறாள். ஆதாரம் சேர்க்கிறாள். ஏறக்குறைய பிடித்துவிடுகிறாள். கடைசி நேரத்தில் கிளார்க் வேடத்தில் ஒரு ரோபோ வந்து நிற்கும், அல்லது பேட்மேன் வந்து கைகொடுப்பான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து லோயிஸ் தலைகுனிவாள். கிளார்க் வாசகரைப் பார்த்துக் கண் சிமிட்டுவான்.

அந்தக் கண்சிமிட்டல்தான் என்னை உறுத்துவது. கதையை முழுசாகத் திருப்பிப் பாருங்கள். லோயிஸ் கண்டுபிடித்தது சரி. அவளுடைய தர்க்கம் சரி, ஆதாரம் சரி, ஒரு நிருபர் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். சரியான விடையோடு வந்தவளைத் தப்பு என்று நம்பவைத்து அனுப்புகிறார்கள். இதை மாதாமாதம் ஒரு பெண்ணுக்குச் செய்தால், தன் புத்தியின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விடாதா? நியாயமாகப் பார்த்தால் அந்த இதழ்களில் அதிகம் தோற்றவர் வில்லன் யாருமில்லை, லோயிஸ்தான். சில கதைகளில் அவளுடைய ஆர்வக்கோளாறுக்குப் பாடம் புகட்டுகிறேன் என்று சூப்பர்மேனே நாடகம் போடுவான். அளவுகடந்த பலம் உள்ளவன் தன்னை நேசிக்கும் பெண்ணுக்குப் பாடம் புகட்டுவதைச் சிரிப்புக் கதையாகப் போட்டார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கர்ட் ஷாஃபன்பெர்கர் வரைந்த அந்த லோயிஸின் முகபாவங்கள் அருமை. எழுதியவர்கள் கொடுக்காத அறிவை அவர் புருவத்தில் கொடுத்திருப்பார்.

“உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்லவில்லை” என்கிறானே, அது நியாயம்தானே?

முதல் கதையிலேயே லோயிஸ் கடத்தப்படுகிறாள், அதுவும் ரகசியம் தெரியாமலே. பிறகு கட்டடங்களிலிருந்து விழுந்தாள், கொள்ளைக்காரர்களிடம் சிக்கினாள். பாதி அவள் தொழிலால் வந்தது, மீதி சூப்பர்மேனின் தோழி என்று ஊருக்கே தெரிந்ததால் வந்தது. ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது, எதனால் ஆபத்து என்ற விவரம் மட்டுமே. விவரம் தெரிந்தால் விலகிப் போகலாமா, இருக்கலாமா என்று அவளே யோசிப்பாள். அந்த யோசனையை அவளுக்குப் பதிலாக இவன் செய்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறான்.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே சொல்லியிருக்கலாமே?

சீகலே அப்படித்தான் நினைத்தார்! 1940இல் அவர் எழுதிய ஒரு கதையில், சுரங்கத்துக்குள் சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் கிளார்க் லோயிஸ் முன்னாலேயே தன்னை வெளிப்படுத்துகிறான். அதிர்ச்சி அடங்கியதும் லோயிஸ் கேட்பது சக்தியைப் பற்றி இல்லை. உன் கோழைத்தனம் நடிப்பு என்றால், என் மேல் நீ காட்டிய பிரியமும் நடிப்பா என்று கேட்கிறாள். அது மட்டும் அசல் என்கிறான் அவன். அப்படியானால் இனி நாம் கூட்டாளிகள் என்று அவளே முடிவு செய்கிறாள்.

பதிப்பாளர்கள் அந்தக் கதையை வெளியிடவில்லை. ரகசியம் போனால் தொடரின் அச்சாணி கழன்றுவிடும் என்ற பயம். 1988இல் எழுத்தாளர் மார்க் வெய்ட் நிறுவனத்தின் நூலகத்தில் அந்தப் பிரதியைக் கண்டெடுத்தார். அது அச்சாகியிருந்தால் நான் மேலே திட்டித் தீர்த்த கதைகளில் பெரும்பாலானவை பிறந்தே இருக்காது. என்னைக் கேட்டால், ரகசியம் வெளியாகும் காட்சிகளில் அந்த வெளிவராத காட்சியை மிஞ்சியது இன்றுவரை வரவில்லை. லோயிஸ் சரியான கேள்வியைக் கேட்கிறாள் என்பதே காரணம்.

முத்தம் கொடுத்து நினைவை அழிக்கும் படம் ஒன்று உண்டாமே?

1980இல் வந்த இரண்டாவது சூப்பர்மேன் படம். லோயிஸ் தானாகவே கண்டுபிடிக்கிறாள். நிரூபிப்பதற்காக நயாகராவில் குதிக்கக்கூடச் செய்கிறாள். பிறகு இருவரும் சேர்கிறார்கள். அவன் சக்தியைத் துறந்து, திரும்பப் பெற்று, உலகத்தைக் காப்பாற்றுகிறான். கடைசியில், எல்லாம் தெரிந்துகொண்டு சாதாரணமாக இருக்க முடியவில்லை என்று அவள் அலுவலகத்தில் அழும்போது ஒரு முத்தம் கொடுத்து அவள் நினைவை அழித்துவிடுகிறான். அவள் கேட்டாளா? இல்லை. அவளிடம் கேட்டானா? அதுவும் இல்லை.

பின்னணி இசையோடு பார்க்கும்போது நெஞ்சு உருகும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் உழைத்துக் கண்டுபிடித்தது, அவள் காதலித்தது, அவள் அழுதது எல்லாம் ஒரே நொடியில் அவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. அவன் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறான். 2022 டிசம்பரில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1050ஆம் இதழில் இதே காரியம் உலக அளவில் நடக்கிறது. கிளார்க்தான் சூப்பர்மேன் என்பதை ஊர் முழுக்க மறக்கச் செய்கிறார்கள். இந்தத் தடவை செய்தவன் லெக்ஸ் லூதர்.

கிளார்க் முதலில் திருமணம் பேசினானா, ரகசியத்தைச் சொன்னானா?

முக்கிய காமிக்ஸ் வரிசையில் திருமணப் பேச்சுதான் முதலில். 1990 டிசம்பர் தேதியிட்ட இதழில், சக்திகளை இழந்திருந்த நேரத்தில் கிளார்க் கேட்கிறான், லோயிஸ் சம்மதிக்கிறாள். 1991 பிப்ரவரி தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 662இல்தான் உண்மையைச் சொல்கிறான்.

இந்த வரிசையைப் பற்றி வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சி: சூப்பர்மேன் உடை போட்டவனுக்காக இல்லாமல் கிளார்க் என்ற மனிதனுக்காகவே அவள் சம்மதித்தாள் என்பது உறுதியானது, அதனால் இதுதான் சரி. இன்னொரு கட்சி: யாருக்குச் சம்மதம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்ன சம்மதம் எப்படிச் சம்மதமாகும்? நான் இரண்டாவது கட்சி, கொஞ்சம் சலுகையோடு. திருமணத்துக்கு முன்னாலேயே, யாரும் நெருக்காமல், அவனாகவே சொன்னான். சொன்ன பிறகு உடனே பதில் சொல் என்று அவளை நச்சரிக்கவில்லை. யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது, மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழி இருந்தது.

திருமணம் 1996இல் நடந்தது. அதே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரின் திருமணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று காமிக்ஸில் தள்ளிப் போட்டார்கள். இடைப்பட்ட காலத்தை நிரப்பத்தான் 1992இல் சூப்பர்மேனைச் சாகடித்தார்கள் என்பது வேடிக்கை. அந்தத் தொலைக்காட்சித் தொடரில் முறை வேறு. கிளார்க் திருமணம் பேசியதும் லோயிஸ் அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேட்பது கிளார்க்கா சூப்பர்மேனா என்கிறாள். அவன் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

ரகசியம் தெரியாமலே திருமணம் ஆன கதை உண்டா?

1978 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் 484. நாற்பதாம் ஆண்டுச் சிறப்பிதழ், கேரி பேட்ஸ் எழுதியது. முக்கிய வரிசைக்கு வெளியே, முதல் தலைமுறைச் சூப்பர்மேனுக்கென்று வைத்திருந்த இணை உலகில் நடப்பது. ஒரு மந்திரவாதியின் வித்தையால் சூப்பர்மேன் மறைந்துபோகிறான். கிளார்க் மட்டும் மிஞ்சுகிறான், தான்தான் சூப்பர்மேன் என்பது அவனுக்கே தெரியாது. மறைக்க எதுவும் இல்லாததால் கோழை வேஷமும் போய்விடுகிறது. தைரியமாக எழுதுகிறான், குற்றவாளிகளை எதிர்க்கிறான். லோயிஸ் அவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள்.

தேனிலவில் அவனைக் கொல்ல வந்தவர்கள் சுட்ட குண்டுகள் அவன் உடம்பில் பட்டுத் தெறிப்பதை லோயிஸ் பார்த்துவிடுகிறாள். இப்போது எல்லாம் தெரிந்தவள் அவள், ஒன்றும் தெரியாதவன் அவன். இத்தனை வருஷம் அவன் இருந்த நாற்காலியில் அவள். பேசாமல் இருந்தால் புருஷன் வீட்டோடு இருப்பான், உலகத்துக்காக ராத்திரியெல்லாம் பறக்க மாட்டான். அவள் அந்த மந்திரவாதியைத் தேடிப்பிடித்து வித்தையைத் திருப்பச் சொல்கிறாள். அதிகாரம் கைக்கு வந்ததும் அவனுக்குச் சேர வேண்டியதை அவனிடமே கொடுத்துவிட்டாள். அவன் இதைத் தன் தரப்பில் செய்ய இன்னும் பல வருஷம் ஆனது.

காதலை விடுங்கள். வேலையில் அவன் அவளுக்கு நியாயமாக நடந்துகொள்கிறானா?

யாரும் அதிகம் கேட்காத கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில்: இல்லவே இல்லை.

1986இல் ஜான் பைர்ன் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது இரண்டாவது இதழில் லோயிஸ் சூப்பர்மேனின் முதல் பேட்டிக்காக நாயாய் அலைகிறாள். தன் காரை நீருக்குள் விட்டு அவனை வரவழைக்கிற அளவுக்குப் போகிறாள். ஒருவழியாகச் செய்தியை அடித்து எடுத்துக்கொண்டு அலுவலகம் வந்தால், கிளார்க் கென்ட் என்று ஒரு புது ஆள் அதே செய்தியை முந்திக் கொடுத்துவிட்டு, அதன் பலனாக வேலையும் வாங்கிவிட்டான். தன்னைத் தானே பேட்டி எடுத்து எழுதியிருக்கிறான்!

முகமூடியை அவள் மன்னிக்கலாம். இதை எந்த நிருபரும் மன்னிக்க மாட்டார். ரகசியம் காதலுக்குள் இருந்தவரை வருத்தம், வேலைக்குள் வந்ததும் மோசடி. அவளுடைய போட்டியாளனே செய்தியின் மூலம் என்பது அவளுக்கும் தெரியாது, ஆசிரியர் பெர்ரி வைட்டுக்கும் தெரியாது, காசு கொடுத்துப் படிக்கிறவனுக்கும் தெரியாது. 2025இல் வந்த படம் இதைப் பிடித்துக்கொண்டது ஆறுதல். அதில் லோயிஸுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். நீ உன்னையே எடுத்துக்கொள்ளும் பேட்டி என்று அவனைக் கேலி செய்கிறாள். சரி, என்னை நீயே பேட்டி எடு என்று அவன் உட்கார்கிறான். அவள் உண்மையிலேயே நிருபராக மாறி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. அந்தச் சண்டையில் இருக்கும் மரியாதை எந்த முத்தக் காட்சியிலும் இல்லை.

லோயிஸ் மட்டும் அவன் ரகசியத்தைத் தோண்டலாமா?

தோண்டுவது அவள் தொழில். தோண்டி எடுத்ததை என்ன செய்கிறாள் என்றுதான் பார்க்க வேண்டும். அளவுகோல் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே.

2013 படத்தில் அவள் ஊர் ஊராகத் தடம் பிடித்துப்போய், அவன் வளர்ந்த இடம்வரை கண்டுபிடித்துவிடுகிறாள். ஏன் மறைந்து வாழ்கிறான் என்ற காரணத்தைக் கேட்டதும் செய்தியைக் கைவிடுகிறாள். அதுவும் வேலைக்கே ஆபத்து வரும் என்று தெரிந்து. 2015 காமிக்ஸில் நேர்மாறு. 2011இல் திருமணத்தை அழித்துவிட்டுத் தொடங்கிய அந்த வரிசையில் அவர்கள் தம்பதிகள் இல்லை. ரகசியத்தைத் தெரிந்துகொண்ட ஒரு கும்பல் அவனை மிரட்டி ஆட்டிவைக்கிறது. அதிலிருந்து அவனை விடுவிக்க ஒரே வழி என்று லோயிஸ் உண்மையை ஊரறியப் போட்டு உடைக்கிறாள். உன் நல்லதுக்காகத்தான் என்கிறாள். அந்த வாசகத்தை வேறு யாரோ அவளிடம் சொல்லிச் சொல்லி நமக்குப் பழக்கம்!

2019 டிசம்பரில் அவனே பத்திரிகையாளர்கள் முன் நின்று தன் பெயரைச் சொன்னான். அதற்கு முன் பெர்ரி வைட்டிடம் தனியாகப் போய்ச் சொல்ல, பெரியவர் பேசாமல் கட்டிக்கொள்கிறார்.

மற்ற ஹீரோக்கள் எப்படி?

ஃபிளாஷ் பாரி ஆலன் சொல்லாமலே 1966இல் ஐரிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். முதல் கல்யாண நாளன்று தயங்கித் தயங்கிச் சொன்னால், அவளுக்கு முதலிரவிலிருந்தே தெரியும், தூக்கத்தில் உளறியிருக்கிறான். இவன் எப்போது சொல்லுவான் என்று ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறாள். ஸ்பைடர்மேனின் மேரி ஜேனும் அப்படித்தான். 1984இல், எனக்கு எப்போதோ தெரியும் என்கிறாள். அதே 1984இல் பிளாக் கேட் என்ற திருடியிடம் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் ஆசையாக முகமூடியைக் கழற்றிக் காட்டுகிறான். அவளுக்கு ஏமாற்றம், முகமூடியே நன்றாக இருந்தது என்கிறாள். லோயிஸ் பிரச்சினையின் தலைகீழ் வடிவம் அது, இன்னும் குரூரமாக. பேட்மேனைத் தாடையை வைத்தே அடையாளம் கண்டவள் சில்வர் செயின்ட் கிளவுட், 1970களின் பிற்பகுதியில். தினமும் செத்துப்போகக்கூடிய ஒருவனுக்காகக் காத்திருக்க முடியாது என்று அவளாகவே விலகிப் போகிறாள். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமையை இந்தத் துறையில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த அபூர்வமான கதை.

வள்ளியிடம் முருகன் வேடனாகவும் கிழவராகவும் வந்தது மட்டும் என்னவாம்?

நல்ல மடக்கு. வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கிழவராகத் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டு, கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்து, பயந்துபோன வள்ளி கிழவரையே ஓடிவந்து கட்டிக்கொள்ளும்படி செய்தார். என் அளவுகோலில் அந்த யானை தேறாது, முருகா மன்னி. ஆனால் அந்த வேஷம் கதைக்குள்ளேயே கலைந்துவிடுகிறது. உருவத்தைக் காட்டிய பிறகுதான் கல்யாணம். லோயிஸுக்குத் தினைப்புனத்திலேயே ஐம்பது வருஷம்.

ரகசியம் போய்விட்டால் காதல் கதையில் சுவை போய்விடாதா?

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவே 1962இல் ஏறக்குறைய இதைச் சொல்லியிருக்கிறார். சூப்பர்மேன் கல்யாணம் செய்துகொண்டால் அவனுக்கு வயதாகத் தொடங்கும், சாவை நோக்கி ஓர் அடி வைத்ததாகிவிடும் என்று. பதிப்பாளர்களும் அதை நம்பித்தான் 2011இல் திருமணத்தையே அழித்து, அவனை வொண்டர் வுமனோடு ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். வாசகர்கள் ஒட்டவில்லை. சில வருஷத்தில் லோயிஸ் திரும்பி வந்தாள், கூடவே ஜான் என்ற மகனும்.

கல்யாணத்துக்குப் பிந்தைய கதைகளில் சஸ்பென்ஸ் இடம் மாறுகிறது. கண்டுபிடிப்பாளா என்ற கேள்விக்குப் பதிலாக, இன்று ராத்திரி அவன் வீடு திரும்புவானா, அவள் போகும் போர்க்களத்துக்கு அவனைத் துணைக்கு அழைக்காமல் போவாளா என்ற கேள்விகள். அவள் அழைக்க மாட்டாள். அவன் வானத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும், கூப்பிடும்வரை இறங்கக்கூடாது. எனக்கு அது பழைய கண்ணாமூச்சியைவிடச் சுவாரசியம்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1938 முதல் இதழ், நடனக் காட்சிக்காக. பிறகு நேராக ஆக்‌ஷன் காமிக்ஸ் 484. அப்புறம் 662. லோயிஸின் பழைய தனி இதழ்களை வாங்குவதானால் ஷாஃபன்பெர்கர் வரைந்தவையாகப் பார்த்து இரண்டு மூன்று போதும், அதற்குமேல் இரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை. படம்தான் வேண்டும் என்பவர்கள் 1978 படத்தையும் 2025 படத்தையும் அடுத்தடுத்த நாள் பார்க்கலாம். நடுவில் 1980 படத்தைப் பார்த்தே தீருவேன் என்றால் கடைசி முத்தத்தில் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொள்ளுங்கள்.